வேலைக்குப் போகும் அம்மாவின் குழந்தை முரடாகுமா?

அம்மா வேலைக்குப் போனால் குழந்தையின் ஒட்டுதல் குறைந்து பின்னாளில் அடம், கோபம் எல்லாம் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிரிவதை விட, திரும்பி வந்ததும் நடப்பதைக் கவனியுங்கள். 1960களில் உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வொர்த் அமெரிக்காவின் பால்டிமோரில் பார்த்தது இதைத்தான்: சில நிமிடம் வெளியே போன அம்மா வந்து தூக்கியதும் சில குழந்தைகள் அழுகை அடங்கி மறுபடி விளையாடப் போயின, சில கட்டிக்கொண்டே உதைத்தன, சில முகத்தைத் திருப்பிக்கொண்டன. அப்படித் திருப்பிக்கொள்கிற குழந்தையை ‘சமர்த்து’ என்று பாராட்டிவிடுகிறோம், எனக்கு அதுதான் வருத்தம், ஏனென்றால் அந்த நேரத்தில் அதன் இதயத் துடிப்பு ஏறியிருக்கும். அப்புறம் 1986இல் ஆய்வாளர்கள் மேரி மெயினும் ஜூடித் சாலமனும் சொன்ன இன்னொரு வகை, பெற்றவரைப் பார்த்தே உறைந்து நிற்கும் குழந்தை. பின்னாளில் முரட்டுத்தனம் வர வாய்ப்பு இப்படி உறைந்து நிற்கும் குழந்தைகளுக்குக் கூடுதல். அதுவும் வாய்ப்புதான், விதி இல்லை. மாலையில் வந்ததும் போனை ஓரமாக வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருங்கள்.