தொப்புள்கொடியில் இரத்த ஓட்டம் குறைந்தால் குழந்தையின் மூளை பாதிக்கப்படுமா?

கேள்வி: எனக்கு இது முதல் கர்ப்பம், இப்போது 30ஆவது வாரம். சென்ற வாரம் எடுத்த டாப்ளர் ஸ்கேனில் தொப்புள்கொடியில் இரத்த ஓட்டம் குறைவாக இருக்கிறது, நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யவில்லை, குழந்தையின் எடையும் போதவில்லை என்று மருத்துவர் கூறினார். நான் சரியாகச் சாப்பிடாததுதான் காரணம் என்கிறார் மாமியார். குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றிவிடுமோ என்ற பயத்தில் தூக்கமே வருவதில்லை.
– வாசகி ஒருவர்

பதில்: உங்கள் மாமியாரிடம் இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள். கருவுற்ற முதல் மாதங்களில் நஞ்சுக்கொடியின் செல்கள் கருப்பையின் சுருள் தமனிகளுக்குள் ஊடுருவி, குறுகிய அந்தக் குழாய்களை அகன்றவையாக மாற்றுகின்றன. ஏறத்தாழ 20ஆவது வாரத்துக்குள் முடிந்துவிடும் இந்த வேலை சிலருக்கு அரைகுறையாக நின்றுவிடுவதே இத்தகைய பிரச்சினைக்குப் பெரும்பாலும் காரணம். அதை நீங்கள் சாப்பிட்டோ சாப்பிடாமலோ உண்டாக்கவில்லை. இப்போது இரட்டிப்பாகச் சாப்பிட்டு அதைச் சரிசெய்யவும் முடியாது.

மூளையைப் பற்றிய உங்கள் பயத்துக்கு அடிப்படை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். நஞ்சுக்கொடி வெறும் உணவு கொண்டுசெல்லும் குழாய் அன்று. தாயின் உடலில் சுரக்கும் மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசாலில் பெரும்பகுதியைச் செயலற்றதாக்கி, குழந்தையை எட்டாமல் தடுப்பதும் அதுவே. மூளை வளரத் தேவையான ஹார்மோன்களைச் சுரப்பதும் அதுவே. அவற்றுள் ஒன்றான அல்லோபிரெக்னனலோனை எலிகளின் நஞ்சுக்கொடியில் மட்டும் உருவாகாமல் தடுத்தபோது, ஆண் குட்டிகளின் சிறுமூளையில் வெண்பொருள் (நரம்பு இழைகள் நிறைந்த பகுதி) மாறியதை அமெரிக்க மருத்துவர் அன்னா பென் குழுவினர் 2021இல் வெளியிட்டனர். எலியில் கண்டதை உங்கள் குழந்தைக்கு அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம். நஞ்சுக்கொடியை மருத்துவர்கள் ஏன் இவ்வளவு கூர்ந்து கவனிக்கிறார்கள் என்பதற்காகவே சொல்கிறேன்.

ஆனால் குழந்தையும் சும்மா இருப்பதில்லை. ஆக்சிஜன் குறையும்போது தோல், தசை, குடல் ஆகியவற்றுக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைத்து மூளைக்கு அதிகமாக அனுப்பிக்கொள்கிறது. வயிறு சிறுத்திருந்தாலும் பல குழந்தைகளுக்குத் தலையின் அளவு ஓரளவு சரியாகவே இருப்பது இதனால்தான். இந்தத் தற்காப்பு முழுமையானதன்று. இவர்களில் சிலருக்குப் பின்னாளில் கற்றலில் சிறு சிரமங்கள் வரலாம். இருந்தாலும், 26 முதல் 32 வாரங்களுக்குள் வளர்ச்சிக் குறைவு கண்டறியப்பட்ட குழந்தைகளை ஐரோப்பிய மருத்துவமனைகள் பலவற்றில் தொடர்ந்து கவனித்த ஆய்வில், பிழைத்த குழந்தைகளுள் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேருக்கு 2 வயதில் நரம்பு வளர்ச்சிக் குறை ஏதும் இல்லை.

இனி முக்கியமானது, குழந்தையை எப்போது வெளியே எடுப்பது என்பதே. உள்ளே தங்கும் ஒவ்வொரு நாளும் நுரையீரலுக்கும் மூளைக்கும் நன்மை. ஆனால் ஆக்சிஜன் மிகவும் குறைந்துவிட்டால் அதே நாள் தீங்காகிவிடும். அதனால்தான் அடிக்கடி டாப்ளர் ஸ்கேனும் இதயத் துடிப்புப் பதிவும் எடுக்கச் சொல்கிறார்கள். அலுப்பாக இருந்தாலும் ஒன்றையும் தவறவிடாதீர்கள். முன்கூட்டியே பிரசவம் பார்க்க நேர்ந்தால், நுரையீரல் முதிர்ச்சிக்கு ஸ்டீராய்டு ஊசியும், மூளையைக் காக்க மெக்னீசியம் சல்பேட்டும் தருவார்கள். மறு கர்ப்பத்தின்போது, ஆரம்பத்திலேயே குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாகத் தொடங்காதீர்கள்.

குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தாலோ, கடுமையான தலைவலியோ கண் மங்கலோ ஏற்பட்டாலோ, அடுத்த ஸ்கேன் தேதிக்குக் காத்திராமல், நள்ளிரவாக இருந்தாலும் மருத்துவமனைக்குச் சென்றுவிடுங்கள்.