புது மாத்திரை, வாய்ப்புண், தோலில் திட்டு: காத்திருக்கலாமா?

கேள்வி: அண்ணனுக்கு வலிப்புக்காகக் கார்பமசெபின் தொடங்கி 16 நாளாகிறது. நேற்றிலிருந்து காய்ச்சல், கண் எரிச்சல், வாய்ப்புண். மார்பில் கருஞ்சிவப்புத் திட்டுகள். மருந்துக் கடையில் அலர்ஜி மாத்திரையும் களிம்பும் கொடுத்தார்கள். தோல் மருத்துவரைப் பார்க்க அடுத்த வாரம்தான் நேரம் கிடைத்திருக்கிறது. பொறுக்கலாமா?

பதில்: வேண்டாம். இப்போதே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.

வெறும் அரிப்பும் தடிப்பும் என்றால், மூச்சுத் திணறலோ முகவீக்கமோ இல்லாதவரை, ஆற அமரப் பார்க்கலாம். இவருக்குக் கண்ணும் வாயும் சேர்ந்துகொண்டன. ஸ்டீவன்ஸ்-ஜான்சன் என்னும் கடுமையான மருந்து ஒவ்வாமை இப்படித்தான் தொடங்கும். பெரும்பாலும் மாத்திரை ஆரம்பித்த 4 வாரத்துக்குள். இரண்டு வாரம் ஒத்துக்கொண்ட மாத்திரை இனி என்ன செய்யும் என்று நினைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். அரிப்பைவிட வலி அதிகமா, போர்வை பட்டாலே எரிகிறதா என்று கேளுங்கள். முற்றினால் தோல் ஈரக் காகிதம்போல வழன்று வரும்.

அந்தக் களிம்பு இருக்கிறதே, பெரும்பாலும் ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்து மூன்றும் கலந்ததாக இருக்கும். ஏதாவது ஒன்று பலிக்கட்டும் என்கிற கணக்கு. தடவாதீர்கள். புண்ணுக்கென்று கடையில் சல்ஃபா மாத்திரை நீட்டினால் இன்னும் மோசம். இதே ஒவ்வாமையைக் கிளப்புவதில் அதுவும் பேர்போனது.

சரி, வலிப்பு மாத்திரையை நிறுத்துவதா? சந்தேகப்படும் மருந்தை உடனே நிறுத்துவதுதான் விதி. ஆனால் வலிப்பு மருந்து திடீரென்று நின்றால் வலிப்பு திரும்பலாம், சில சமயம் விடாமல் தொடரவும் செய்யும். அதற்காக அடுத்த வேளையைப் போடச் சொல்லவில்லை. அந்த வேளை வருவதற்குள் மருத்துவமனையில் இருங்கள் என்கிறேன். மாற்று மருந்தை அங்கேயே தொடங்குவார்கள். அது ஃபெனிடோயினாகவோ லாமோட்ரிஜினாகவோ இருந்தால் மட்டும் ஒரு வார்த்தை கேளுங்கள். கார்பமசெபின் ஒத்துக்கொள்ளாதவருக்கு அவையும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

வாசலில் 'தோல் பிரச்சினையா, காலையில் ஓ.பி.க்கு வாங்க' என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். தோல் என்றாலே சொறி சிரங்கு என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. அதனால் தடிப்பில் பேச்சை ஆரம்பிக்காதீர்கள். 'புது வலிப்பு மாத்திரை, 16 நாள், காய்ச்சல், வாயில் புண், கண் எரிச்சல்' என்று அந்த வரிசையிலேயே சொல்லி, மாத்திரை அட்டையைக் காட்டுங்கள். கண் மருத்துவரும் அன்றே பார்க்க வேண்டும். தோல் ஆறினாலும் கண்ணில் தழும்பு தங்கிவிடலாம்.

வீடு திரும்பும்போது தரும் சீட்டில் 'மருந்து அலர்ஜி' என்று மொட்டையாக எழுதியிருந்தால், மருந்தின் பெயரையும் எழுதி வாங்குங்கள். இந்த ஒவ்வாமைக்கு மரபணுத் தொடர்பும் உண்டு. என்றாவது உங்களுக்கே கார்பமசெபின் எழுதினால் அண்ணன் கதையைச் சொல்லி, முதலில் அந்த மரபணு இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள்.