காலையில் மட்டும் ஏன் இந்த இரைச்சல்?

வாகனப் பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

காலை முதல் ஸ்டார்ட்டில் வரும் சத்தத்தைப் பற்றிப் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

“புது பெட்ரோல் வண்டி எடுத்து மூணு வாரந்தான் ஆவுது. காலையில ஸ்டார்ட் பண்ணின உடனே யாரோ ரேஸ் குடுக்க மாதிரி இரையுது. ஒரு நிமிசத்துல தானா அடங்கிருது. பக்கத்து வீட்டு அண்ணாச்சி, ‘பழைய வண்டிக்குப் பெயின்ட் அடிச்சுக் குடுத்துட்டானுவளோ’ன்னு கேக்காவ. எங்ககிட்ட முன்னால இருந்த 2011 மாடல் இப்படிக் கத்தினதே இல்ல.” – பாளையங்கோட்டை வாசகர்

வண்டி புதுசாக இருப்பதால்தான் இரைகிறது என்று அண்ணாச்சியிடம் சொல்லுங்கள்.

எஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் போகும் குழாயில், எஞ்சினை ஒட்டியே, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கிறது. வெளியே பார்த்தால் தகர டப்பா. உள்ளே தேனடை மாதிரி நுண்துளைகள் கொண்ட பீங்கான் கட்டி, அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடு மூன்றையும் சுத்தம் செய்வது இதுதான். ஆனால் 250 – 300 டிகிரி சூடு ஏறாமல் அது வேலையைத் தொடங்காது. அதுவரை நச்சு அப்படியே வெளியே போகும். சின்னப் பயணம் என்றால் மொத்த மாசில் பெரும்பங்கு இந்த முதல் ஓரிரு நிமிடத்தில் போவதுதான்.

அதனால் தோசைக்கல் காயும்வரை தீயைக் கூட்டி வைப்பதுபோல, வண்டியின் கம்ப்யூட்டர் இரண்டு காரியம் செய்கிறது. சூடான எஞ்சின், வண்டி நிற்கும்போது 700 – 800 ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) ஓடும். இப்போது அதை 1,200 – 1,500க்கு ஏற்றிவிடும். கூடவே ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தும். வழக்கமாகப் பிஸ்டன் உச்சிக்கு வந்து சேரும் முன்பே ஸ்பார்க் விழுந்துவிடும். இந்த ஒரு நிமிடம் மட்டும், உச்சியைத் தொட்டு இறங்கத் தொடங்கும் நேரத்தில் விழும். பிஸ்டனைத் தள்ள வேண்டிய பலத்தில் ஒரு பங்கு சூடாகவே குழாய்க்குள் போய்விடுகிறது. எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போது வாயு இன்னும் கொதிப்போடும் அழுத்தத்தோடும் இருப்பதால்தான் சைலன்சரில் அந்தக் கனத்த ‘தும் தும்’. ஸ்டீயரிங்கில் லேசான அதிர்வு தெரிவதும் இதனால்தான்.

உங்கள் 2011 வண்டி தயாரான காலத்துச் சட்டம் வேறு. அப்போது பெருநகரங்களுக்கு பி.எஸ்.4 (பி.எஸ். என்பது பாரத் ஸ்டேஜ், வண்டிப் புகைக்கான அரசு விதி), மற்ற ஊர்களுக்கு பி.எஸ்.3. 2017 ஏப்ரலில்தான் நாடு முழுவதும் பி.எஸ்.4 வந்தது. 5ஐத் தாண்டிக் குதித்து 2020 ஏப்ரல் 1இல் பி.எஸ்.6. 2023 ஏப்ரலில் அதன் இரண்டாம் கட்டம். சோதனைக்கூடத்தோடு நிற்காமல் ரோட்டில் ஓடும்போதும் புகையை அளக்கிறார்கள். கன்வெர்ட்டர் சீக்கிரம் சூடாக வேண்டிய கட்டாயம் ஒவ்வொரு கட்டத்திலும் கூடிக்கொண்டே வந்திருக்கிறது.

‘நம்மூர்ல ஏது குளிர்?’ என்றும் சிலர் கேட்டிருக்கிறார்கள். எஞ்சினுக்கு வேலைச் சூடு 90 டிகிரி. மார்கழி விடியலின் 23 டிகிரியும் சரி, ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் சித்திரை மாதத்து 30 டிகிரியும் சரி, அதற்குக் குளிர்தான். மாஞ்சோலை மலைப் பக்கம் நிறுத்தி எடுத்தால் இரைச்சல் இன்னும் கொஞ்சம் நீளும், அவ்வளவே.

பார்க்க வேண்டியது கடிகாரத்தை. ஏ.சி.யை அணைத்துவிட்டு ஸ்டார்ட் செய்து, ஆர்.பி.எம். முள் 1,000க்குக் கீழே வர எத்தனை விநாடி என்று போனில் ஓடவிடுங்கள். 30 முதல் 90 விநாடிக்குள் இறங்கினால் கவலை வேண்டாம். நாலைந்து நிமிடம் ஆகியும் இறங்கவில்லை, அல்லது முள் ஏறி இறங்கி ஊஞ்சலாடுகிறது, அல்லது மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு அணையவில்லை என்றால் காட்டுங்கள். கூலன்ட் சென்சார், திராட்டில் பாடியில் கரி, வேக்கம் குழாயில் கசிவு மூன்றையும் முதலில் பார்ப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. கன்வெர்ட்டர் சூடாகாத அந்த நிமிடத்தில்தான் கார்பன் மோனாக்சைடு அதிகம். ஷட்டர் போட்ட ஷெட்டுக்குள் வண்டியை ஓடவிட்டுவிட்டு கேட்டைத் திறக்கப் போகாதீர்கள்.

“செல்ஃப் அடிச்சதும் ரெண்டு செகண்டு ‘கடகட’ன்னு இரும்புச் சத்தம். பிறகு ஒண்ணுமில்ல. 18,000 கி.மீ. ஓடியிருக்கு. சர்வீஸ்ல விட்டா ‘சத்தமே இல்லியே’ங்காவ.” – அம்பாசமுத்திரம் வாசகர்

மேலே சொன்ன இரைச்சல் வேறு, இது வேறு. இது ஆயில் சம்பந்தப்பட்டது.

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் ஆயில் அடித்தொட்டிக்கு இறங்கிவிடும். வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரும், வால்வைத் தள்ளும் ஹைட்ராலிக் டேப்பட்டும் ஆயில் அழுத்தத்தில் நிற்பவை. பம்ப் ஆயிலை மேலே ஏற்றும்வரை செயின் தளர்ந்து கவரில் அடிக்கும். ஒரு விநாடி, மிஞ்சினால் இரண்டு விநாடி என்றால் பல எஞ்சின்களில் இது சாதாரணம். மூன்றைத் தாண்டினாலோ, மாதத்துக்கு மாதம் நீண்டாலோ விடக் கூடாது.

முதலில் நீங்களே ஆயில் குச்சியைப் பாருங்கள். சமதரையில், காலையில் ஸ்டார்ட் செய்யும் முன்பு. துடைத்து, மறுபடி முழுக்க விட்டு எடுத்தால் இரண்டு குறிகளுக்கு நடுவே ஈரம் நிற்க வேண்டும். பெரும்பாலான கார்களில் கீழ்க்குறிக்கும் மேல்குறிக்கும் வித்தியாசம் சுமார் 1 லிட்டர்.

அடுத்து ஃபில்டர். நல்ல ஃபில்டருக்குள் ஒரு ரப்பர் வால்வு உண்டு. எஞ்சின் நின்றதும் ஆயில் திரும்பி இறங்காமல் பிடித்துக்கொள்ளும். மலிவு ஃபில்டரில் அந்த ரப்பர் சீக்கிரம் விறைத்துவிடும். காலையில் பம்ப் வெறும் ஃபில்டரை முதலில் நிரப்பிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். உங்கள் இரண்டு விநாடி அங்கே போகலாம். சத்தம் எப்போது தொடங்கியது, கடைசி ஆயில் சர்வீஸ் எப்போது என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, ஆயில் கிரேடு. ‘நம்ம வெயிலுக்குக் கட்டி ஆயில்தான் தாங்கும்’ என்று 0டபிள்யூ-20 கேட்கும் எஞ்சினில் 20டபிள்யூ-50 ஊற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எழுத்துக்கு முன்னால் உள்ள எண், குளிர்ந்த நிலையில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதற்கு. சின்னதாக இருந்தால் சீக்கிரம் மேலே ஏறும். பின்னால் உள்ளது 100 டிகிரியில் எவ்வளவு கட்டி என்பதற்கு. எஞ்சினின் உள்சூட்டைப் பிடித்து வைப்பது தெர்மோஸ்டாட். வெளி வெயிலுக்கு அதில் பங்கு கொஞ்சம்தான். வண்டியோடு வந்த கையேட்டில் உள்ள எண்ணை விட்டு நகராதீர்கள்.

சர்வீஸ்காரர்களையும் குறை சொல்ல முடியாது. நீங்கள் ஓட்டிப்போய் விட்ட சூடான எஞ்சின் சத்தம் போடாது. முந்தின நாள் மாலையே விட்டு, காலையில் அவர்கள் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். அல்லது பானெட்டைத் திறந்து வைத்து, சாவி போடும் முன்பிருந்தே அரை நிமிடம் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். ‘கடகட’ இல்லாமல் ‘டிக் டிக்’ என்று வந்து, சூடானதும் மறைந்தால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் கசிவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இரும்பு சூட்டில் விரிந்து ஓட்டையை அடைத்துவிடுவதால் சத்தம் மறையும். இணைப்பில் கறுப்புக் கரித்தடம் இருந்தால் அதுதான்.

“டர்போ பெட்ரோல் வண்டி. ஸ்டார்ட் செய்தால் தையல் மெஷின் ஓடுவதுபோல் இருக்கிறது.” – மேலப்பாளையம் வாசகர்

டைரக்ட் இன்ஜெக்ஷன் எஞ்சினாக இருக்கும். பழைய முறையில் பெட்ரோல் 3 – 4 பார் அழுத்தத்தில் போகும். இதில் 200 பார், அதற்கும் மேல். அந்தப் பம்பும் இன்ஜெக்டரும் தட்டும் சத்தம்தான் அது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஒரே சுற்றில் இரண்டு மூன்று தடவை பெட்ரோலைப் பீய்ச்சுவதால் கூடுதலாகக் கேட்கும். சத்தம் சீராக இருந்தால் விட்டுவிடுங்கள்.

“டீசல் வண்டி. காலையில் ‘டக டக’வென்று லாரி மாதிரி இருக்கிறது.” – வள்ளியூர் வாசகர்

டீசலில் ஸ்பார்க் கிடையாது. அழுத்திய காற்றின் சூட்டில்தான் எரிய வேண்டும். சிலிண்டர் சுவர் குளிர்ந்திருந்தால் பீய்ச்சிய டீசல் பற்ற ஒரு கணம் தாமதமாகும். அதற்குள் சேர்ந்துவிட்ட டீசல் ஒரே அடியாகப் பற்றுவதுதான் அந்த ‘டக டக’. சாவியைத் திருப்பியதும் சுருள் வடிவ விளக்கு எரிந்தால், அது அணைந்த பிறகு செல்ஃப் அடியுங்கள். ஹீட்டர் பிளக் சூடாகும் நேரம் அது. ஓரிரு நிமிடத்தில் சத்தம் தணிய வேண்டும். அதோடு வெள்ளைப் புகையும் மிஸ்ஸிங்கும் சேர்ந்தால் ஒரு ஹீட்டர் பிளக் போயிருக்கலாம்.

“ஐயா, தினமும் ஐந்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கிய பிறகே வண்டியை எடுக்கிறேன். மார்க்கெட் போக 2 கி.மீ.தான். இது சரியா?” – ஓய்வுபெற்ற ஆசிரியர், பேட்டை

ஐயா, ஐந்து நிமிடம் வேண்டாம். அரை நிமிடம் போதும். நின்றபடி ஓடும் எஞ்சின் மெதுவாகத்தான் சூடேறும். குளிர்ந்த நேரத்தில் கூடுதலாக ஊற்றும் பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஆயிலில் கலக்கும். முதல் 3 – 4 கி.மீ. 2,500 ஆர்.பி.எம்.மைத் தாண்டாமல் ஓட்டினால் கியர் பாக்ஸும் சேர்ந்து சூடாகும்.

உங்களுக்குப் பெரிய தொந்தரவு அந்த 2 கி.மீ.தான். கூலன்ட் முள் நடுவுக்கு வந்தாலும் ஆயில் சூடாக இன்னும் நேரம் பிடிக்கும். எரியும்போது உண்டாகும் நீராவி ஆயிலில் தங்கும். ஆயில் மூடியைத் திருகி அடிப்பக்கம் பாருங்கள்: மோர் நிறத்தில் பிசுபிசுப்பு இருந்தால் அந்த ஈரம்தான். குச்சியில் ஆயில் மட்டம் ஏறியிருந்து, பெட்ரோல் வாடையும் அடித்தால் பெட்ரோல் கலந்துவிட்டது. வாரத்துக்கு ஒரு தடவை நாற்கரச் சாலையில் கங்கைகொண்டான் வரை நிறுத்தாமல் போய் வாருங்கள். ஈரமும் பெட்ரோலும் ஆவியாகிவிடும். கூலன்ட்டும் சேர்ந்து குறைகிறதென்றால் சங்கதி வேறு, ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும். சின்னத் தூரமே ஓடும் வண்டிக்குக் கையேட்டில் தனி ஆயில் அட்டவணை உண்டு, அதைப் பின்பற்றுங்கள்.

“ஆட்டோமேட்டிக். சந்துக்குள்ளிருந்து ரிவர்ஸ் எடுக்கணும். காலையில் ‘ஆர்’ போட்டதும் வெடுக்கென்று குதிக்கிறது.” – நெல்லை டவுன் வாசகி

1,400 ஆர்.பி.எம்.மில் எஞ்சின் இழுத்துக்கொண்டிருக்கும்போது கியர் போடுகிறீர்கள், அதனால்தான். முள் 1,000க்குக் கீழே வரட்டும். பிரேக்கை நன்றாக அமுக்கி ‘ஆர்’ போட்டு, ஒரு கணம் பொறுத்துப் பிரேக்கை மெல்ல விடுங்கள். சுவர் ஒட்டிய சந்தில் காலையின் முதல் ரிவர்ஸில் ஆக்ஸிலரேட்டரைத் தொடவே வேண்டியதில்லை. வண்டி தானாக நகரும்.

“ராத்திரி மழை பெய்த மறுநாள் பிரேக் போட்டால் ‘கர்ர்’ என்கிறது. கிளம்பினதும் காலடியில் ஒரு ‘டக்’கும் கேட்கிறது.” – கல்லிடைக்குறிச்சி வாசகர்

ஐப்பசி, கார்த்திகையில் இது இல்லாத வண்டி அபூர்வம். பிரேக் டிஸ்க் வார்ப்பிரும்பு. ஒரே ராத்திரியில் காவி நிறத்தில் மெல்லிய துரு படியும். நாலைந்து தடவை பிரேக் போட்டதும் பேட் அதைச் சுரண்டிவிடும். ஒரு கி.மீ. தாண்டியும் நிற்கவில்லை என்றால் பேடைக் கழற்றிப் பாருங்கள், 3 மி.மீ.க்குக் குறைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். அந்த ‘டக்’, பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் சத்தம். ஸ்டார்ட் செய்து நகர்ந்ததும் ஒரு முறை வரும், பிறகு வராது.