நீர்மூழ்கியும் டார்பிடோவும் பேசிக்கொள்வது எப்படி? கேள்வி பதில்

ராணுவத்தார் நிறைந்த கம்மவான்பேட்டை பக்கம் என்பதால் கேள்விகள் குவிந்துவிட்டன. நீர்மூழ்கியின் குறிவைக்கும் கணிப்பொறிக்கும், நீருக்கடியில் பாய்ந்து கப்பலை வெடிக்கவைக்கும் டார்பிடோவுக்கும் நடுவிலுள்ள இணைப்புக் கருவிகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இன்று பணியிலுள்ள நம் கப்பல்களின் விவரம் கேட்க வேண்டாம்.

குடியாத்தம்: ஐயா, அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் இல்லாமல் எப்படிக் குறிவைத்தார்கள்?

இருந்தது தம்பி, பல்சக்கரங்களால் ஆனது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க நீர்மூழ்கிகளின் டிடிசி (டார்பிடோ டேட்டா கம்ப்யூட்டர்) கருவி, எதிரிக் கப்பலின் திசை, வேகம், தூரத்தை வைத்து டார்பிடோ எத்தனை டிகிரி திரும்ப வேண்டும் என்று ஓயாமல் கணக்கிடும். டார்பிடோவை ஏவும் குழாயின் சுவர் வழியே ஒரு தண்டு நுழைந்து, டார்பிடோவைத் திசை மாறாமல் ஓட்டும் கைரோவை அந்தக் கோணத்துக்குத் திருப்பும். ஏவும் கணத்தில் தண்டு விலகிவிடும். அதன்பின் ஒன்றும் திருத்த முடியாது. 1944 அக்டோபரில் டாங் என்ற அமெரிக்க நீர்மூழ்கி ஏவிய கடைசி டார்பிடோ வட்டமடித்துத் திரும்பி டாங்கையே மூழ்கடித்தது.

ஆம்பூர்: ஏவிய பிறகும் வழிநடத்த முடியுமா, ஐயா?

கம்பி வந்த பிறகு முடிந்தது, அம்மா. ஏவும்வரை கேபிள் வழியே டார்பிடோவுக்கு மின்சாரமும், எப்படி ஓட வேண்டும் என்ற அமைப்புகளும் போகும். ஏவிய பின் மெல்லிய கம்பி நீர்மூழ்கி, டார்பிடோ என இரு பக்கமும் அவிழ்ந்துகொண்டே போகும். 1972இல் வந்த அமெரிக்க டார்பிடோ மார்க் 48, தன் காதில் விழுந்த ஒலியைக் கம்பியில் திருப்பியும் சொல்லும். கம்பி அறுந்தால் தானே தேடிப் போகும். பிறகு ஹார்பூன் ஏவுகணையும் அதே 533 மி.மீ. குழாயில் ஏறியது, ஒரே குழாய் இரண்டு விதமான ஆயுதங்களோடு பேச வேண்டியதாயிற்று.

ஆற்காடு: பட்டனைத் தட்டினால் போய்விடுமா?

போகாது.

ஆரணி: பட்டன் எந்த நிறம்?

பட்டன் கேள்வி போதும். டார்பிடோவில் அமைப்புகள் ஏறாமல், குழாயில் நீர் நிரம்பாமல், வெளிக்கதவு திறக்காமல் எந்தப் பட்டனும் வேலை செய்யாது.

ராணிப்பேட்டை: 1982இல் பிரிட்டிஷ் நீர்மூழ்கி கான்கரர், அர்ஜென்டினாவின் போர்க்கப்பல் பெல்கிரானோவை மூழ்கடித்தது பழைய மார்க் 8 டார்பிடோவால்தானே? கம்பியெல்லாம் வீண்செலவு!

காட்பாடி: அண்ணே, அதே கப்பலில் கம்பியுள்ள டைகர்ஃபிஷ் டார்பிடோவும் இருந்ததே. நம்பகம் போதாமல்தான் அதை ஏவாமல் விட்டார்கள்.

ராணிப்பேட்டை: நான் சொல்வதும் அதேதான்!

இல்லைங்க. மார்க் 8 1920களின் வடிவம், வெடிமருந்தும் அதிகம். ஆனால் கான்கரர் கிட்டே போய் மூன்று ஏவியது, இரண்டு பட்டன. இறந்தவர்கள் 323 பேர். தூரத்தில் வளைந்து ஓடும் நீர்மூழ்கியை அப்படிப் பிடிக்க முடியாது. டைகர்ஃபிஷின் குறையை வைத்து எல்லாக் கம்பியையும் எடைபோடாதீர்கள்.

வாலாஜா: சேர வயது வரம்பு?

கடற்படை இணையதளத்தில் பாருங்கள். குழாயை நேரில் பார்க்க விசாகப்பட்டினக் கடற்கரையில் குர்சுரா என்ற பழைய நீர்மூழ்கியே அருங்காட்சியகமாக இருக்கிறது. குழாய்கள் முன்னால் ஆறு, பின்னால் நான்கு. காட்பாடியில் ரயில் ஏறலாம்.