நாள் கடந்த போலராய்ட் ஃபிலிம்: கேள்வி பதில்

தெம்பனிஸிலிருந்து: ஐயா, மறைந்த அப்பாவின் அலமாரியில் பிரிக்காத போலராய்ட் 600 ஃபிலிம் (எடுத்ததும் கேமராவிலிருந்தே படமாக வெளிவரும் வகை) பெட்டி ஒன்று கிடைத்தது. 2006 என்று அச்சிட்டிருக்கிறது. இனியும் அதில் படம் விழுமா?

விழலாம். ஆனால் முதலில் உங்களை மறிக்கப்போவது ஃபிலிம் அன்று, பேட்டரி. 600 வகையில் கேமராவுக்கு வேண்டிய 6 வோல்ட் தட்டைப் பேட்டரி ஃபிலிம் கூட்டின் அடியிலேயே இருப்பதால், இத்தனை ஆண்டுகளில் அது பெரும்பாலும் செத்திருக்கும். அண்மையில் எடுத்து முடித்த 600 காலிக் கூடு இருந்தால் அதன் பேட்டரியில் மிச்சம் இருக்கும். ஒளி புகாத இருட்டுப் பைக்குள் கைவிட்டு, பழைய ஃபிலிம்களைத் திசை மாறாமல் அந்தக் கூட்டுக்கு மாற்றி, மேலே கறுப்பு அட்டையை வைத்துவிடுங்கள். புதுக் கேமராக்களுக்கான ஐ-டைப் கூட்டில் பேட்டரியே கிடையாது என்பதால் அது உதவாது.

அடுத்தது பசை. ஒவ்வொரு ஃபிலிமின் அகன்ற வெள்ளை ஓரத்திலும் காரத்தன்மையுள்ள பசை சிறு பைகளில் அடைபட்டிருக்கிறது. கேமராவின் உருளைகள் அதை நசுக்கிப் பரப்பினால்தான் படம் உருவாகும். வயதான பசை காய்ந்து முழுப்பரப்பையும் எட்டாது. எட்டாத இடம் வெறுமையாகவே நிற்கும். அந்த வெறுமைக்காகவே பழைய ஃபிலிமைத் தேடுவோர் உண்டு, நானும் அவர்களில் ஒருவன். போலராய்ட் 2008இல் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்ததால் அந்தப் பழைய வகையில் இளையது என்று ஒன்றும் இனி இல்லை.

ஈசூனிலிருந்து: நானும் ஜப்பானில் இருக்கும் என் தோழியும் ஒரே தேதியிட்ட ஃபிலிமைப் பயன்படுத்தினோம். எனக்கு மட்டும் மஞ்சளாக வந்தது ஏன்?

தேதியைவிட அது பட்ட வெயில்தான் பெரிது. பின்னாளில் மறுபடி தயாரிக்கத் தொடங்கிய இன்றைய போலராய்ட் ஃபிலிமை 13 முதல் 28 பாகை செல்சியஸில் பயன்படுத்தச் சொல்கிறார்கள். நம் சிங்கப்பூர் நண்பகலோ பல நாள்களில் 31 பாகையைத் தாண்டுகிறது. சூட்டில் நிறம் மஞ்சளுக்கும் சிவப்புக்கும் சாயும். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு அலமாரியில் வைக்காமல் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். உறைபெட்டியில் மட்டும் வேண்டாம், பசை கெட்டுவிடும். (என் வீட்டில் அது கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் இருக்கிறது, வீட்டாரின் முணுமுணுப்போடு.) வெளியே எடுத்த பிறகு ஒரு மணி நேரமாவது உறையைப் பிரிக்காதீர்கள், நம் ஊர் ஈரப்பதம் குளிர்ந்த ஃபிலிமில் நீர்த்துளியாகப் படியும். காலையில் எடுங்கள், வெளிவந்த படத்தை உடனே கவிழ்த்து நிழலில் வையுங்கள்.

ஜூரோங்கிலிருந்து: எல்லாம் இருட்டாக வருகிறதே?

பழைய ஃபிலிமின் ஒளியுணர்வு குறைந்திருக்கும். கேமராவின் வெளிச்சத் திருகை வெண்மைப் பக்கம் நகர்த்தி, முதல் ஃபிலிமைச் சோதனைக்கென்றே செலவிடுங்கள்.

செங்காங்கிலிருந்து: பசை கையில் பட்டுவிட்டது.

கண்ணைத் தொடாமல் நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். உருளைகளையும் ஈரத்துணியால் துடைத்து உலரவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த படத்திலும் கோடு விழும்.

உட்லண்ட்ஸிலிருந்து: கடையில் ஃபியூஜி எஃப்பி-100சி கிடைக்கிறது. அக்காவின் திருமணத்துக்கு வாங்கலாமா?

அது ஃபியூஜி 2016இல் கைவிட்ட, கையால் இழுத்து உரிக்கும் வகை. ஃபிலிம் பெட்டியில் பேட்டரி இல்லாததால் அந்த ஒரு தொல்லை குறைவு. எங்கே வைத்திருந்தார்கள் என்று கேளுங்கள். கண்ணாடிப் பேழை விளக்கின்கீழ் இருந்தது என்றால் பாதி விலைக்கும் வேண்டாம். திருமணத்துக்கு ஃபியூஜி இன்றும் தயாரிக்கும் உடனடி ஃபிலிமான இன்ஸ்டாக்ஸ் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள், தாலி கட்டும் நொடி மறுபடி வராது. எஃப்பி-100சியை மறுநாள் தேக்காவின் பூக்கடைகளுக்கு எடுத்துச் செல்லுங்கள். படம் விழாவிட்டாலும் கடைகள் அங்கேயேதான் இருக்கும்.