எதை விட்டால் புற்றுநோய் வராது?

பெண்களின் புற்றுநோயும் சாப்பாடும் பற்றி வாசகியர் அனுப்பிய கேள்விகளில் அதிகம் பேருக்குப் பயன்படும் ஐந்துக்கு இங்கே பதில்.

என் அம்மாவுக்கு 61 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. எனக்கு 50, மாதவிலக்கு நின்று ஓராண்டாகிறது. எதைச் சாப்பிடாமல் இருந்தால் எனக்கு வராது? பாலையும் கோழியையும் ஏற்கெனவே நிறுத்திவிட்டேன்.
*- மதுரை வாசகி*

இரண்டையும் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவற்றை விட்டால் மார்பகப் புற்றுநோய் வராது என்பதற்கு ஆதாரம் இல்லை. புரதமும் கால்சியமும் குறைவதுதான் மிச்சம்.

நீங்கள் கவனிக்க வேண்டியது இடுப்புச் சுற்றளவை. மாதவிலக்கு நின்றபின் சினைப்பைகள் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைச் சுரப்பதை ஏறக்குறைய நிறுத்திவிடும். அதன் பிறகு அது முக்கியமாகத் தயாராவது உடல் கொழுப்பில். அங்குள்ள அரோமட்டேஸ் என்ற நொதி வேறு ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும். கொழுப்பு கூடினால் ஈஸ்ட்ரோஜனும் கூடும். மார்பகச் செல்களையும் கருப்பையின் உட்படலத்தையும் பெருகத் தூண்டுவது அதுதான். உடற்பருமனுக்கும் கருப்பை உட்படலப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு மார்பகத்தைவிட வலுவானது. மாதவிலக்கு நின்றபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், 'சூடு' என்று விட்டுவிடாமல் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள்.

விலா எலும்பின் கீழ் ஓரத்துக்கும் இடுப்பெலும்பின் மேல் ஓரத்துக்கும் நடுவே டேப்பைச் சுற்றி, மூச்சை வெளியே விட்டதும் அளக்க வேண்டும். வயிற்றை எக்கக் கூடாது. பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது. நம் உடல்வாகுக்கு, உயரத்துக்கேற்ற எடையா என்று காட்டும் பி.எம்.ஐ. 23ஐத் தாண்டினாலே அதிக எடை, 25 என்றால் பருமன். 155 செ.மீ. உயரமுள்ளவருக்கு 23 என்பது 55 கிலோ. 25 என்பது 60 கிலோ.

எண்ணெயை மட்டும் குறைத்தால் போதுமா என்றால், போதாது. அமெரிக்காவில் 48,835 பெண்களைக் கொண்டு கொழுப்பைக் குறைத்த உணவைச் சோதித்தார்கள். ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் கழித்து, 2006இல் வந்த முடிவில் மார்பகப் புற்றுநோய் குறிப்பிடும்படி குறைந்திருக்கவில்லை. மொத்தச் சாப்பாட்டின் அளவும் எடையும்தான் கணக்கு. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2,000 கலோரிக்குச் சொல்லும் ஒருநாள் அளவு: தானியம் 250 கிராம், காய்கறியும் கீரையும் சேர்த்து 400 கிராம், பழம் 100 கிராம், பருப்பு அல்லது முட்டை, மீன், இறைச்சி 85 கிராம், பாலோ தயிரோ 300 மி.லி., கொட்டை வகைகள் 35 கிராம், எண்ணெய் 27 கிராம். தானியம், பருப்பு எல்லாம் சமைக்காத எடை. நம் வீடுகளில் இந்தக் கணக்கு தலைகீழ். சோறு குவியலாகவும் பொரியல் ஊறுகாய் போல ஓரத்திலும் இருக்கும். எண்ணெயைத் தினமும் அளப்பது நடக்காத காரியம்; நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் மூன்றரை லிட்டர் என்று வாங்கி, அதற்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

வாரம் 150 நிமிட வேக நடையும் தேவை. மது அருந்துபவராக இருந்தால், மார்பகத்தைப் பொறுத்தவரை பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. இவ்வளவு செய்தாலும் மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே பரிசோதனைக்கு விலக்கு இல்லை. அம்மா தவிர சித்தி, பெரியம்மா, அத்தை யாருக்காவது மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்றுநோய் இருந்திருந்தால் மரபணுப் பரிசோதனை பற்றியும் கேளுங்கள்.

சோயாவில் பெண் ஹார்மோன் இருக்கிறதாமே, மீல்மேக்கரைச் சமைக்கலாமா?
*- ஈரோடு வாசகி*

தாராளமாக. அதிலிருப்பது ஐசோஃபிளேவோன் என்ற தாவரப் பொருள். செல்லில் ஈஸ்ட்ரோஜன் வந்து ஒட்டும் இடத்தில் (ஏற்பி) இதுவும் ஒட்டும், ஆனால் இதன் வேலை மிகப் பலவீனமானது. மார்பகப் புற்றுநோய் வந்து குணமானவர்களுக்கும் அளவான சோயா உணவால் கெடுதல் காணப்படவில்லை. உலர்ந்த மீல்மேக்கர் 30 கிராமில் சுமார் 15 கிராம் புரதம் கிடைக்கும். ஐசோஃபிளேவோன் மாத்திரை மட்டும் வேண்டாம்.

அக்காவுக்கு கீமோதெரபி நடக்கிறது. சர்க்கரைதான் புற்றுநோய்க்குத் தீனி என்று சோறு, பழம், பால் எல்லாவற்றையும் நிறுத்தி, கீரைச் சாறும் மஞ்சள் கேப்சூலும் மட்டும் எடுக்கிறார். ஒரு மாதத்தில் நாலு கிலோ இறங்கிவிட்டார்.
*- திருநெல்வேலி வாசகி*

இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். இறங்குவது கட்டி அல்ல, தசை. புற்றுநோய்ச் செல் குளுக்கோஸை அதிகம் இழுக்கும் என்பது உண்மை. உடலில் புற்றுநோய் இருக்கும் இடத்தைக் காட்டும் பெட் ஸ்கேன் வேலை செய்வதே அதை வைத்துத்தான். ஆனால் வாயைக் கட்டினாலும் கல்லீரல் குளுக்கோஸைத் தயாரித்து ரத்தத்தில் விட்டுக்கொண்டேதான் இருக்கும். கட்டி பட்டினி கிடக்காது, அக்காதான் கிடப்பார். தசை கரைந்து எடை குறைந்தால் கீமோவின் பக்கவிளைவுகள் கூடும், மருந்தின் அளவைக் குறைக்கவோ தள்ளிப்போடவோ நேரும்.

கிலோவுக்கு 1.2 கிராம் புரதம் வேண்டும். 55 கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 66 கிராம். இரண்டு முட்டையில் 12, ஒரு துண்டு மீன் (100 கிராம்) 20, 50 கிராம் பருப்பில் 11, 300 மி.லி. பாலும் தயிருமாக 10, மீதி அரிசி, கோதுமையிலிருந்து வந்துவிடும். மூன்று வேளை இறங்காவிட்டால் ஆறு வேளையாகப் பிரியுங்கள். குமட்டலுக்குச் சூடான சாப்பாட்டின் வாசனையே காரணமாக இருக்கலாம், ஆறவைத்துக் கொடுங்கள். வாய்ப்புண் இருந்தால் புளியும் காரமும் விலக்கி, குழைந்த தயிர்சாதம், இட்லி, மசித்த பருப்பு. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் கால் டீஸ்பூன் உப்பு, கால் டீஸ்பூன் சமையல் சோடா கலந்து நாலைந்து முறை கொப்பளிக்கட்டும், விழுங்கக் கூடாது.

வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் பச்சைச் சாறுதான் ஆபத்து, கிருமி நேரே உள்ளே போகும். கீரையை வேகவைத்துக் கொடுங்கள். தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்கட்டும். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் பாராசிட்டமால் போட்டுப் பார்ப்போம் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும், நள்ளிரவானாலும்.

குழம்பில் போடும் மஞ்சள்தூளால் தொல்லை இல்லை. கேப்சூல் வேறு; மஞ்சளின் சத்தான குர்குமினோடு மிளகுச் சத்தும் சேர்ந்த வகைகள், மார்பகப் புற்றுநோய்க்குப் பின்னால் தரப்படும் டமாக்சிஃபென் மாத்திரையின் பலனைக் குறைக்கக்கூடும். எந்த கேப்சூலானாலும் டாக்டரிடம் காட்டாமல் வேண்டாம். சர்க்கரை நோய் இருந்தால் மட்டும் அதற்கான கட்டுப்பாடு தொடரட்டும்.

மாமியார் புகையிலை போடுவதில்லை. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு மட்டும்தான். அதுவுமா புற்றுநோயைத் தரும்?
*- தஞ்சாவூர் வாசகி*

அதுவும்தான். குற்றவாளி பாக்கு. புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும், பாக்கு தனியாகவும், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004லேயே வகைப்படுத்திவிட்டது. கன்னத்தின் உட்புறம் நார் போல இறுகி வாய் திறப்பது குறையும். தன் மூன்று விரல்களை மேலும் கீழுமாக அடுக்கி வாய்க்குள் நுழைக்கச் சொல்லிப் பாருங்கள். நுழையவில்லை என்றாலோ, வெள்ளைத் திட்டு, இரண்டு வாரமாக ஆறாத புண் இருந்தாலோ பல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மெல்லாமல் இருக்க முடியவில்லை என்றால் சோம்பு, கிராம்பு போதும்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்க என்ன கீரை சாப்பிடலாம்?
*- சேலம் வாசகி*

எந்தக் கீரையும் தடுக்காது. இது ஹெச்.பி.வி. வைரஸால் வருவது, இங்கே சாப்பாட்டின் பங்கு மிகச் சிறியது. 9 முதல் 14 வயது மகளுக்குத் தடுப்பூசி, 30 தாண்டிய உங்களுக்குப் பரிசோதனை. தடுப்பூசி போட்டவர்களும் பிற்பாடு பரிசோதித்துக்கொள்ள வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் சோதனை உண்டு, சில நிமிட வேலை, வெள்ளையாக மாறும் இடம் தெரிந்தால் மேற்பரிசோதனைக்கு அனுப்புவார்கள். மாதவிலக்கு நாட்களில் போக வேண்டாம். பரிசோதனைக்கு முந்தைய நாள் பிறப்புறுப்பினுள் மருந்து, களிம்பு எதுவும் வைக்காதீர்கள்.