அமுக்குவான், காளான், ஒரு கட்டிங்

கேள்வி: டீ ஃபேக்டரியில் வேலை. நைட் ஷிப்ட் முடிந்து காலையில் படுத்தால் கொஞ்ச நேரத்தில் விழிப்பு வருகிறது, ஆனால் கை கால் அசையவில்லை. நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி பாரம், கதவோரம் ஒரு ஆள் நிற்கிறான், கத்தினால் சத்தம் வரவில்லை. அமுக்குவான் பேய், மந்திரிக்கணும் என்கிறார் அம்மா.
- பெயர் வேண்டாம், கோத்தகிரி

பதில்: உங்களுக்கு நடப்பதெல்லாம் நிஜம், பேய் மட்டும்தான் இல்லை. தூக்கத்தில் ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒரு தடவை, மூடிய இமைக்குள் கண் விறுவிறுவென்று ஓடுகிற ஒரு கட்டம் வரும். ரெம் தூக்கம் என்று பெயர். 1953இல் சிகாகோவில் அசரின்ஸ்கியும் கிளைட்மனும் இதைப் பற்றி எழுதினார்கள். படம் படமாக வரும் கனவுகள் பெரும்பாலும் இதில்தான். அப்போது மூளைத்தண்டு உடம்புத் தசைகளைப் பூட்டி வைத்துவிடும், கண்ணையும் மூச்சு இழுக்கும் உதரவிதானத்தையும் தவிர. பூட்டாவிட்டால் கனவில் கரடி துரத்தும்போது நீங்கள் நிஜமாகவே எழுந்து ஓடி, தேயிலைச் சரிவில் உருண்டிருப்பீர்கள். பிரான்சில் மிஷேல் ஜூவே என்ற ஆய்வாளர் பூனைகளின் மூளைத்தண்டில் அந்தப் பகுதியைச் சிதைத்துப் பார்த்தார். தூக்கம் கலையாமலே எழுந்து, எதிரே ஒன்றுமில்லாத இடத்தில் பாய்ந்தன.

உங்கள் விஷயத்தில் புத்தி விழித்துவிட்டது, பூட்டு இன்னும் திறக்கவில்லை, கனவும் முடியவில்லை. நெஞ்சுத் தசை தளர்ந்திருப்பதால் ஆழமாக மூச்சு இழுக்க முடியாது, அதுதான் அந்தப் பாரம். பயத்தைக் கிளப்பும் மூளைப் பகுதி அந்த நேரம் முழு வேகத்தில் இருப்பதால் கதவோரம் ஆளும் வந்து நிற்கிறான். உடம்புக் கடிகாரப்படி ரெம் தூக்கம் அதிகம் வரும் நேரமே காலைதான், அதோடு தூக்கக் கடனும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

மல்லாந்து படுக்காதீர்கள். ஷிப்ட் முடியும் நேரத்தில் ஃபேக்டரியில் டீ குடிப்பதை விடுங்கள் (கஷ்டம்தான்). மறுபடி வந்தால் கத்த முயலாமல் ஒரு கால்விரலை மட்டும் அசைக்கப் பாருங்கள், தானாக விட்டுவிடும். பகலில் திடீரென்று தூக்கம் அள்ளினாலோ, சிரிக்கும்போது முழங்கால் துவண்டாலோ டாக்டரிடம் போங்கள். மந்திரிப்பதா? அம்மாவுக்கு நிம்மதி என்றால் மந்திரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: காட்டேஜ் நடத்துகிறேன். வருகிற பையன்கள் "காளான் கிடைக்குமா அண்ணா" என்று கேட்கிறார்கள். கனவு மாதிரிதானாம், தூங்கி எழுந்தால் சரியாகிவிடுமாம்.
- வாசகர், கொடைக்கானல்

பதில்: கனவு மாதிரி என்பதில் பாதி சரி. அந்தப் போதைக் காளானில் இருக்கும் சைலோசைபின் என்ற பொருளை 1958இல் பிரித்தெடுத்தவர் ஆல்பர்ட் ஹாஃப்மன், எல்எஸ்டி என்ற போதைப்பொருளை உருவாக்கிய அதே ஆள். உடம்புக்குள் அது சைலோசினாக மாறி, மூளையில் செரடோனின் என்ற ரசாயனம் உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். சுவர் மூச்சு விடும், நேரம் நீளும், நான் என்கிற எண்ணமே கரையும். ஆனால் மேலே சொன்ன பூட்டு இதில் கிடையாது. நாலிலிருந்து ஆறு மணி நேரம் கனவு ஓடும், காலும் நடக்கும், கொடைக்கானலில் மூடுபனிக்குப் பின்னால் பள்ளத்தாக்கு இருக்கும்!

மனச்சோர்வுக்கு இதை மருந்தாக்கலாமா என்று வெளிநாடுகளில் பரிசோதிக்கிறார்கள், உண்மைதான். அளந்த மருந்து, பக்கத்தில் பயிற்சி பெற்ற ஆள், குடும்பத்தில் மனச்சிதைவு இருப்பவர்களைச் சேர்ப்பதே இல்லை. ரோட்டோரம் யாரோ பொட்டலம் கட்டித் தரும் காளான் எந்த வகை என்று யார் பார்த்தது? ஈரலை அழிக்கிற காளானும் பார்க்கச் சாதுவாகத்தான் இருக்கும், பல மணி நேரம் கழித்துத்தான் வாந்தி தொடங்கும், சமைத்தாலும் விஷம் போகாது. 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டப் பட்டியலில் சைலோசைபினும் உண்டு, ஆகவே கைகாட்டி விடும் வேலையைக்கூடச் செய்யாதீர்கள்.

கேள்வி: குளிருக்கு ஒரு கட்டிங் போட்டு, அறையில் கரிச்சட்டி வைத்துத்தான் படுக்கிறேன். உடனே தூக்கம் வருகிறது, ஆனால் மூணு மணிக்குக் கெட்ட கனவில் முழிப்பு.
- ஓய்வு பெற்றவர், ஊட்டி

பதில்: சாராயம் முதல் பாதி இரவில் ரெம் தூக்கத்தை அமுக்கிவிடும். அது உடம்பில் கரைந்ததும் அமுக்கி வைத்ததெல்லாம் பின்பாதியில் மொத்தமாகப் பொங்கும், அதுதான் உங்கள் மூணு மணிக் கனவு. குளிருக்கு நல்லது என்பதும் சும்மா. தோலுக்கு ரத்தம் ஓடுவதால் சூடாகத் தோன்றும், உள்சூடு வெளியேறிக்கொண்டிருக்கும். பல வருஷப் பழக்கம் என்றால் டாக்டரைக் கேட்டுக் குறையுங்கள், தடாலென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். கரிச்சட்டியை மட்டும் இன்று ராத்திரியே வெளியே வையுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, சன்னல் சாத்திய அறையில், அதுவும் குடித்துவிட்டுத் தூங்குகிறவருக்கு, முழிப்பே வராமல் போய்விடும்.